முப்பத்தெட்டு லட்சத்துப் பதினாலாயிரத்து இருநூற்று எண்பது

அறுபதுகளின் பிற்பகுதி. எனக்கு இருபத்துமூன்று வயது. கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, ஒரு பெண்கள் கல்லூரியில் பிரசவ லீவில் போன ஆசிரியைக்குப் பதிலாக நான்கு மாதம் வேலை பார்த்திருந்தேன். அவர் திரும்பி வந்ததும் ஒரு சான்றிதழைக் கொடுத்து என்னை அனுப்பிவிட்டார்கள். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு ஒரே பேச்சுதான், என் கல்யாணம்.

வரன் கூடுவாஞ்சேரியில் இருந்து வந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பெண் பார்க்க வந்த அன்று அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பொண்ணு வேலைக்குப் போகணும்னு எங்களுக்கு அவசியமில்ல. இதுக்கு மேல படிக்கணும்னும் அவசியமில்ல" என்று ஏதோ சலுகை கொடுப்பதுபோலச் சொன்னார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. மாப்பிள்ளை நல்லவராகவே இருந்திருக்கலாம். அவர் என்னிடம் பேசியது, "காபி நல்லா இருக்கு" என்ற ஒரே வாக்கியம். காபி போட்டது அம்மா.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து காலத்தில் எங்கள் சபையில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஈஸ்டர் கழிந்து இரண்டாம் வாரம் என்று முடிவு செய்தார்கள். அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சபைப் போதகரான ஐயர் கேட்பார். முதல் வாசிப்புக்கு ஐந்து வாரம் இருந்தது. அந்த ஐந்து வாரத்துக்குள் எனக்கு ஏதாவது நடந்தாக வேண்டும்.

நடக்கக்கூடியது ஒன்று இருந்தது. நகரத்தில் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் ஓர் ஆராய்ச்சி மாணவர் இடம் காலியாக இருந்தது. நான் விண்ணப்பித்திருந்தேன். அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

அப்பா ஒரு சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க். விலைவாசிப் புள்ளிவிவரங்களைச் சேர்த்துக் கணக்கிட்டு மாதாமாதம் வெளியிடும் ஆபீஸ் அது. காலையில் மின்சார ரயிலைப் பிடித்துப் போய் மாலை ஆறேகாலுக்கு வீடு திரும்புவார். ஆபீஸ் காகிதத்தில் வீட்டுக்கு ஒரு மளிகை லிஸ்ட்கூட எழுதியவரில்லை. ஓய்வுபெறப் பதினோரு மாதம் இருந்தது. அம்மா ஒன்று சொன்னால் அதை மறுத்துப் பேசி நான் கேட்டதேயில்லை. விண்ணப்பத்தைக் காட்டியபோது வெகுநேரம் படித்தார்.

"இடம் கெடச்சதுன்னா, அத வச்சு நான் உங்கம்மாகிட்ட பேசறேன். கெடைக்காம என்னால பேச முடியாதும்மா" என்றார்.

அவர் எனக்குக் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். எனக்கும் அது போதும் என்றுதான் தோன்றியது.

விண்ணப்பித்தவர்கள் மூன்று பேர். துறைப் பேராசிரியர் எங்களிடம், சொந்தமாக யோசித்த ஏதாவது ஒன்றைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். என்னிடம் ஒன்று இருந்தது. கல்லூரியில் பி.யு.சி. மாணவிகளுக்கு லாக் டேபிள் பார்க்கக் கற்றுக்கொடுத்தபோது, ஒரு பெண் ஓர் எண்ணுக்கு லாக் எடுத்து, வந்த விடைக்கே தவறுதலாக மறுபடியும் லாக் எடுத்துவிட்டாள். அவளுக்கு அது தப்பு, கோடு போட்டு அடித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அது மனதில் தங்கிவிட்டது. இப்படி எடுத்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும்?

லாக் என்பது பெரிய எண்ணைச் சின்னதாகச் சுருக்குகிற வேலை. பள்ளிக்கூடத்தில் பார்ப்பது பத்தை அடியாகக் கொண்ட லாக். கணக்குப் படித்தவர்களுக்கு இயல்பானது e என்கிற, 2.718 சொச்சம் வரும் எண்ணை அடியாகக் கொண்டது. டேபிள் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அதுவும் இருக்கும். அதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு முழு எண்ணுக்கும் ஒரே கேள்வி. ஒன்றோ அதற்குக் கீழோ ஆகும்வரை எத்தனை முறை லாக் எடுக்க வேண்டும்? ஒன்றுக்கு எடுக்கவே வேண்டாம், ஆகவே பூஜ்யம். இரண்டுக்கு ஒரு முறை. மூன்றுக்கு இரண்டு முறை. அங்கிருந்து பதினைந்து வரை இரண்டேதான். பதினாறில் மூன்றாகிறது. அதற்கப்புறம் நூறானாலும் மூன்று, ஆயிரமானாலும் மூன்று, பத்து லட்சமானாலும் மூன்று. பதில்களை வரிசையாக எழுதிக்கொண்டு போனால், அது நகர்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு வரிசை. அதைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதினேன்.

பேராசிரியர் என் எதிரிலேயே அதைப் படித்தார். அவர் சிரிக்காதவர். ஆறாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"மூணு எங்க நாலா மாறுது?"

"சுமார் முப்பத்தெட்டு லட்சத்துப் பதினாலாயிரத்துல சார்."

"சுமாரா?"

"நாலு இலக்க டேபிள்தான் சார் என்கிட்ட இருக்கு. அதுல அவ்வளவுதான் தெரியும்."

"பதினஞ்சுக்கு ரெண்டு, பதினாறுக்கு மூணுன்னு திட்டவட்டமா எழுதியிருக்கீங்க. அடுத்தது மட்டும் சுமார்னா என்ன அர்த்தம்? நாலு முறை எடுக்க வேண்டிய முதல் முழு எண் எது? அதச் சொல்லுங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள. மத்தவங்க ரெண்டு பேருக்கும் இதே மாதிரி ஒரு கேள்வி குடுத்திருக்கேன்."

எனக்குப் பதினோரு நாள் இருந்தது. ரயிலில் திரும்பி வரும்போது வேலை முடிந்த மாதிரியே நினைத்துக்கொண்டேன். ஓர் எண்ணைக் கண்டுபிடிப்பது என்ன பெரிய விஷயம்?

துறை நூலகத்தில் ஏழு இலக்க டேபிள் இருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். 38,14,279 பக்கத்தில் என்று அது சொன்னது. ஆனால் முன்னே பின்னே ஒன்றிரண்டு இருக்கலாம் என்பதையும் அதே டேபிள்தான் சொன்னது. எனக்கோ ஒன்றுகூடப் பிசகக்கூடாது. மூன்று நான்காகிற எல்லை, e-யை e முறை பெருக்கியதுபோல் ஒன்று, பிறகு அத்தனை முறை மறுபடியும் e. டேபிள் இல்லாமல், பதினைந்து தசமம் வரை கையாலேயே பெருக்கிக் கூட்டிக்கொண்டு போவது தவிர வேறு வழியில்லை.

காலையில் அம்மா எழுந்திருப்பதற்குள் இரண்டு பெருக்கல். மத்தியானம் அவள் பெண்கள் சங்க ஜெபக்கூட்டத்துக்குப் போனதும் நான்கு. முதல் தடவை போட்டு முடித்தபோது கடைசி இலக்கங்கள் இருநூற்று எழுபத்தெட்டு, புள்ளி ஒன்பது என்று வந்தது. அப்படியானால் விடை 279. சரிபார்க்க மறுபடியும் போட்டேன். 279 புள்ளி நான்கு. அப்படியானால் விடை 280. மூன்றாவது தடவை 281 வந்தது. எந்தப் பெருக்கலில் எந்த இலக்கத்தைத் தப்பாக எடுத்தேன் என்று தேடினால் அந்தத் தேடலிலேயே இன்னொரு தப்பு செய்தேன். எண்கள் காகிதத்தில் ஊர்ந்தன. சமையலறையில் அம்மா கல்யாணப் புடவையைப் பற்றிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருப்பது கேட்கும். ஏழால் எட்டைப் பெருக்கினால் எவ்வளவு என்று ஒரு நிமிடம் எனக்கு நினைவு வரவில்லை. எம்.எஸ்ஸி. படித்தவள், ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை விரல்விட்டு எண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபின் அப்பா என் அறைக்கு வந்தார். தரை முழுக்கக் காகிதம். நான் அழுதுகொண்டிருந்தேன்.

"எத்தன பெருக்கல் இருக்கு இதுல?"

"முப்பது இருக்கும்ப்பா. எல்லாம் பெரிய பெருக்கல்."

"எத எதால பெருக்கணும்னு வரிசையா எழுத முடியுமா? யோசிக்க வேண்டிய எடமே இல்லாம?"

"எழுதலாம். எதுக்கு?"

"எழுதிக் குடு."

அவர் ஆபீஸில் மின்சாரத்தில் ஓடும் கணக்கு மெஷின் ஒன்று இருந்தது எனக்குத் தெரியும். அது தனி அறையில் இருக்கும். அறைச் சாவி அப்பாவின் பொறுப்பு. என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் தயங்கியிருப்பார் என்று பயந்தேன். மூன்று தாளில் எழுதிக் கொடுத்தேன். விளக்கம் எதுவும் கிடையாது. A-யை B-யால் பெருக்கு, அது C. C-யை D-யால் வகு. மீதியெல்லாம் பதினைந்து பதினாறு இலக்க எண்கள். அப்பா அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்களும் செவ்வாயும் வந்து, "சாப்பாட்டு நேரத்துல போட்டேன், பாதி ஆயிருக்கு" என்று மட்டும் சொன்னார். புதன்கிழமை மாலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். முகம் கழுவாமலே என் அறை வாசலில் நின்று சொன்னார்.

"முப்பத்தெட்டு லட்சத்துப் பதினாலாயிரத்து எரநூத்தி எழுபத்தொம்பது. புள்ளி ஒண்ணு."

"நிச்சயமாப்பா?"

"கடைசிப் பெருக்கல ரெண்டு தடவ போட்டேன். ரெண்டு தடவையும் அதேதான்."

புள்ளி ஒன்று. எல்லை அந்த எண்ணைத் துளியூண்டு தாண்டி நிற்கிறது. அப்படியென்றால் 279 வரைக்கும் மூன்று, நான்கு தேவைப்படும் முதல் எண் 280. நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "தாளெல்லாம் எங்கப்பா?" என்று கேட்டதற்கு, "அங்கயே இருக்கு" என்றார். அவர் கை சில்லென்று இருந்தது. எனக்கிருந்த சந்தோஷத்தில் அதை நான் யோசிக்கவில்லை.

மறுநாள் அப்பா ஆபீஸுக்குக் கிளம்பவில்லை. லேசாகக் காய்ச்சல், லீவு போட்டிருக்கிறேன் என்றார். அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நான் என் எட்டுப் பக்கத்தையும் புதிய எண்ணோடு மறுபடி நல்ல கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணி இருக்கும், கேட்டருகே சைக்கிள் மணி கேட்டது. அப்பா ஆபீஸ் பியூன். சைதாப்பேட்டைக்காரர், கிறிஸ்துமஸுக்கு வருஷாவருஷம் வீட்டுக்கு வருகிறவர். ரயிலில் வந்து, தாம்பரத்தில் வாடகை சைக்கிள் எடுத்திருந்தார். கையில் ஒரு நீளக் கவரும், கையெழுத்து வாங்குகிற நோட்டும்.

"சாரு கீறாரா, பாப்பா?"

"காய்ச்சலா படுத்திருக்காங்க."

"காச்சலா? அப்டியா சொன்னாரு?" அவர் குரலைத் தாழ்த்தினார். "வூட்ல இன்னும் சொல்லலியா அவுரு? ஆபீஸே பேஜாராகிக்கினு கீது பாப்பா. நேத்து மத்தியானம் மெஷின் ரூம்ல குந்திக்கினு இன்னாவோ நம்பர் போட்டுக்கினு இருந்தாராம். புது ஆபீசரு உள்ள பூந்துட்டாரு. தாள்ல பார்த்தா ஒரே நம்பரு, ஏ பி சி டி. இந்த மாசக் கணக்கு இன்னும் வெளிய வரல. அத யாருக்கோ எழுதிக் குடுக்கறாருன்னு புடிச்சுக்கினாரு. சஸ்பெண்ட்."

"அப்பா என்ன சொன்னாங்க?"

"எம்பொண்ணு படிப்புக்கோசரம்னு சொன்னாராம். இன்னா படிப்புன்னு கேட்டதுக்கு இவுரு சொன்னது ஒண்ணும் அவங்களுக்குப் புரியல. கிண்டல் பண்றியான்னு கேட்டுட்டாங்க. முப்பது வருசமா பாத்துக்கினு கீறேன், ஒரு குண்டூசி எடுத்ததில்ல அந்த மனுசன்."

அப்பா உள்ளேயிருந்து வந்து, நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கவரை வாங்கிக்கொண்டார். பியூன் போனதும் அம்மா, "என்னங்க அது?" என்றாள். அவர் சொன்னார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. "கர்த்தாவே" என்று ஒரு தடவை சொன்னாள்.

"நாளைக்கு நான் உங்க ஆபீஸுக்குப் போய்ச் சொல்றேன்ப்பா" என்றேன்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. நீ பல்கலைக்கழகத்துக்குப் போ."

"அது எப்படிப்பா..."

"அதுக்காகத்தானே இவ்வளவும்? நீ அங்க போகலன்னா நான் செஞ்சதுக்கு ஒரு அர்த்தமும் இல்லாம போயிடும். ஆபீஸ் விஷயத்த நான் பாத்துக்கறேன். நான் எழுதிக் குடுத்திருக்கேன். நீ அந்தப் பக்கமே வரக்கூடாது."

எனக்கு அப்பா போட்ட கட்டளை என்று வாழ்க்கையில் இருந்தது அது ஒன்றுதான். அதை நான் மீறினேன்.

காலை எட்டு மணிக்குப் பல்கலைக்கழகத்துக்கு என்று சொல்லிக் கிளம்பினேன். பையில் எட்டுப் பக்கமும் லாக் டேபிளும் இருந்தன. முதலில் பேராசிரியரைப் பார்த்துவிட்டு அப்புறம் ஆபீஸுக்குப் போயிருக்கலாமே என்று பிற்பாடு நானே ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டேன். அந்தக் காலையில் அந்த எண்ணை இன்னொருவரிடம் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவின் பெயரைச் சரிசெய்துவிட்டு மத்தியானம் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நம்பினேன்.

பத்து மணியிலிருந்து அதிகாரியின் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டானது. ஒன்றானது. அவர் சாப்பிடப் போய் வந்தார். உள்ளே யார் யாரோ போனார்கள். பியூன் இரண்டு தடவை எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்பாவின் மேசை அங்கிருந்தே தெரிந்தது. அதன்மேல் ஏற்கெனவே வேறு யாருடைய ஃபைல்களோ இருந்தன. மூன்றரைக்குக் கூப்பிட்டார்கள்.

அதிகாரி நாற்பது வயதுக்காரர். கோபக்காரராகத் தெரியவில்லை. என் மூன்று தாள்களும் அவர் மேசையில் ஒரு ஃபைலில் நூல் கோத்துக் கட்டப்பட்டிருந்தன. 

"இது நான் எழுதினது சார்" என்றேன்.

"என்ன இது?"

"சார், ஒரு எண் சொல்லுங்க. பெருசா எதாவது."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஒரு கோடி" என்றார்.

டேபிளைத் திறந்து அவர் எதிரிலேயே எடுத்துக் காட்டினேன். ஒரு கோடிக்கு லாக் பதினாறு சொச்சம். பதினாறு சொச்சத்துக்கு இரண்டே முக்கால் சொச்சம். அதற்கு ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு. அதற்கு ஏறக்குறைய ஒன்றுமேயில்லை. நான்கு தடவை. பிறகு பத்து லட்சத்துக்குச் செய்து காட்டினேன், மூன்று தடவை. "நடுவுல எங்கயோ மூணு நாலா மாறுது சார். எந்த எண்ல மாறுதுன்னு கண்டுபிடிக்கச் சொன்னாங்க. எனக்குக் கையால வரல. அதுக்காகத்தான் அப்பா. இதுல ஒரு விலைகூட இல்ல சார், உங்க கணக்கோட ஒப்பிட்டுப் பாருங்க."

அவர் தாள்களைப் புரட்டினார். டேபிளை வாங்கித் தானே ஓர் எண்ணுக்குப் பார்த்தார். முகம் மாறியது. நம்புகிறார் என்று தெரிந்தது. எனக்கு மூச்சு வந்தது.

"இதனால யாருக்கும்மா என்ன பிரயோஜனம்?"

"யாருக்கும் இல்ல சார்."

"இதுக்காகவா அந்த மனுஷன் ரூமத் தொறந்தாரு?"

"மூணு நாளும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல மட்டும்தான் சார். ஆபீஸ் நேரத்துல ஒரு நிமிஷம்கூட இல்ல."

அவர் பேனாவை எடுத்தார். "மூணு நாளா?"

"திங்கள், செவ்வாய், புதன். சாப்பிடாமகூட..."

அவர் ஃபைலில் இன்னொரு தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். அப்பாவின் கையெழுத்து. 'அன்று ஒரு நாள் மட்டுமே, அதுவும் முதல் முறையாக' என்று எழுதியிருந்தது.

நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? ஒரு நாள்தான் என்றா? அப்பாவின் தாளையும் அதிகாரியின் பேனாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க கணக்கு போட்டீங்க, அத நான் நம்பறேன்" என்றார் அவர். குரல் தணிந்துதான் இருந்தது. "ஆனா ஃபைல் நேத்தே மேல போயிடுச்சு. இப்ப அவர் எழுதிக் குடுத்தது பொய்ன்னு நீங்களே சொல்லிட்டீங்க. நான் கேக்காம இருந்திருக்கலாம். கேட்டுட்டேன். இனிமே எழுதாம இருக்க முடியாது."

"சார், நான் வந்ததாவே வச்சுக்காதீங்க சார். நான் போயிடறேன்."

"வெளிய பெஞ்சுல ஆறு மணி நேரம் உக்காந்திருக்கீங்க. ஆபீஸே பாத்திருக்கு."

நான் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். என்னென்ன சொன்னேன் என்பது நினைவில்லை. முழங்கால் போட்டேனோ என்றுகூடச் சந்தேகமாக இருக்கிறது. பியூன் உள்ளே வந்து என் தோளைத் தொட்டு, "வா பாப்பா" என்று வெளியே கூட்டிப்போனார்.

எங்கெங்கோ நடந்து பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி. துறை பூட்டியிருந்தது. பேராசிரியர் அறைக் கதவுக்கு அடியில் எட்டுப் பக்கத்தையும் தள்ளிவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கடற்கரைப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போகவே கூடாது என்று தோன்றியது. போகாமல் வேறெங்கே போவது என்றும் தெரியவில்லை. தாம்பரம் வரை ரயிலில் கதவோரம் நின்றேன். பல்லாவரத்தில் ஒரு பெரியம்மா என் முந்தானையைப் பிடித்து உள்ளே இழுத்து, "இந்தாம்மா, இப்படி உள்ள தள்ளி நில்லு" என்று அதட்டி, தாம்பரம் வரும்வரை பிடியை விடவேயில்லை. அவர் யாரோ. அன்று என் முகத்தில் என்ன பார்த்தாரோ.

அப்பா வாசலில் நின்றிருந்தார். "பாத்தியா? என்ன சொன்னார்?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று நாள் என்று சொன்ன இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "போகாதேன்னு சொன்னேனே" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பத்து நாள் என்னிடம் பேசவில்லை. கோபமா, பேசத் தெரியவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த வாரம் கூடுவாஞ்சேரியிலிருந்து கடிதம் வந்தது. தங்கள் குடும்பத்தில் சில சூழ்நிலைகளால் இந்தச் சம்பந்தத்தைத் தொடர இயலவில்லை என்று நாகரிகமாக எழுதியிருந்தார்கள். சஸ்பெண்ட் என்ற சொல் அதில் இல்லை. அம்மா அதை இரண்டு தடவை படித்துவிட்டு என் கையில் கொடுத்தாள். "இதுதானே வேணும்னு இருந்த?" என்றாள். நான் வேண்டியது நடந்துவிட்டது. ஆனால் அப்போது யாராவது, வேலை அப்பாவுக்குத் திரும்பக் கிடைக்கும், நீ கூடுவாஞ்சேரிக்குப் போகிறாயா என்று கேட்டிருந்தால் அந்த நிமிடமே போயிருப்பேன்.

அதே வாரம் பேராசிரியரிடமிருந்து ஒரு கார்டு. 'எண் சரி. வெள்ளிக்கிழமை ஐந்து மணிவரை காத்திருந்தேன். இடம் நிரம்பிவிட்டது.' மூன்றே வரி. நான் ஏன் வரவில்லை என்று எழுதிப் போட்டிருக்கலாம். எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அப்பாவைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. இனி எந்தக் காகிதத்திலும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதப் பயந்தேன்.

விசாரணை இழுத்தது. தேதி வைப்பார்கள், தள்ளிப்போடுவார்கள். மாதக் கணக்கு வெளியே போகவில்லை என்பது இரண்டாம் மாதமே தெளிவாகிவிட்டது. ஆனால் பொய் எழுதிக் கொடுத்தது என்று இன்னொரு குற்றச்சாட்டு சேர்ந்திருந்தது, அது என்னால் சேர்ந்தது. சபையில் சிலர் அப்பாவோடு கை குலுக்குவதை விட்டார்கள். அவர் ஆராதனைக்குத் தாமதமாகப் போய், முடிவதற்கு முன் எழுந்து வரத் தொடங்கினார். நான் கீழ்க்கட்டளையில் ஒரு சின்னப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். பல்லாவரத்தில் இறங்கி பஸ் மாற வேண்டும். ஆறாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கும்போது சில நாள் பாதிக் கணக்கில் நின்றுவிடுவேன். ஏன் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஓய்வுபெறும் நாள் விசாரணை முடிவதற்கு முன்பே வந்துவிட்டது. பிரிவுபசாரம் எதுவும் கிடையாது. அப்பா அன்று காலையில் சவரம் செய்து, ஆபீஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் பள்ளிக்குப் போகவில்லை. மத்தியானம் பியூன் வந்தார், அரை நாள் லீவு போட்டுவிட்டு. வாழை இலையில் சுற்றிய ஒரு ரோஜா மாலை கையில்.

"சார், கொஞ்சம் குனிங்க."

"எதுக்குய்யா இதெல்லாம்?"

"குனிங்க சார். எனக்கு வேற எந்த சாருக்கும் போடணும்னு தோணல."

அப்பா குனிந்தார். மாலை கழுத்தில் விழுந்ததும் தோள்கள் குலுங்கின. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து உத்தரவு வந்தது. முதல் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, இரண்டாவதற்காக எச்சரிக்கப்படுகிறார் என்று இருந்தது. இனிமேல் எதைச் செய்யாதே என்று எச்சரிக்கிறார்கள் என்று அம்மா கேட்டாள். அப்பா தாளை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும், ஒன்றரை வருடமாகத் தொண்டையிலேயே நின்றதைச் சொன்னேன்.

"நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்ப்பா."

"மூணு நாள்ங்கறது நெஜம்தானே" என்றார் அப்பா. "ஒரு நாள்னு எழுதினவன் நான். பயந்துட்டேன். நீ பயப்படல. அவ்வளவுதான்."

நானும் பயந்துதான் இருந்தேன், பயத்தில்தான் உளறினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நாளைக்குச் சந்தையிலிருந்து என்ன காய் வேண்டும் என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு அவர் இருந்த ஆறு வருடமும் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வரவில்லை. நான் அதைச் சொல்லாமலே இருந்துவிட்டேன்.